கவிதா ஒருவரா, மூவரா? குழந்தைகள் நலத் திட்டங்களில் தரவைச் சீர்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கிராமத்தில் எங்கள் திட்டத்தில் சேர்ந்திருந்த குழந்தைகள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டி வந்தது. அலுவலக எக்ஸல் கோப்பு 61 என்றது. மையப் பொறுப்பாளரின் நோட்டு 54 என்றது. இரண்டு நாள் தெருத்தெருவாக நடந்து எண்ணியதில் 49 பேர்தான் இருந்தார்கள். மு. கவிதா, கவிதா மு., கவித்தா என்று ஒரே சிறுமி மூன்று வரிகளில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய எடைகள் மூன்று பேர் கணக்கில் சிதறிப்போனதால், நான்கு மாதமாக எடை ஏறவே இல்லை என்பது எங்கள் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து எந்தத் தரவு அமைப்பைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன். ஒரு குழந்தையின் எடை நின்றுபோன நாளுக்கும், அந்த வீட்டுக் கதவை ஒருவர் தட்டிய நாளுக்கும் நடுவே எத்தனை நாள் கழிகிறது? அந்த நாட்களைக் குறைக்காத மென்பொருள் எவ்வளவு அழகாக வரைபடம் காட்டினாலும் எனக்கு அது வெறும் செலவுதான்.

தமிழ்நாட்டில் மாலை நேர மையம், ஊட்டச்சத்து, பள்ளி இடைநிற்றல், குழந்தைப் பாதுகாப்பு ஆகியவற்றில் வேலை செய்யும் சிறிய, நடுத்தர நிறுவனங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: எல்லா நோட்டுகளையும் ஒரே மேசையில் பரப்புங்கள்

கணினியைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு மையத்தின் வருகைப் பதிவேடு, எடை நோட்டு, வீட்டுச் சந்திப்பு டைரி, நிதியளிப்பவருக்கு அனுப்பும் படிவம், வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கும் எண்ணிக்கை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு ஒரு குழந்தையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். ஐந்து இடம், ஆறு இடம் என்று போகும். ஒவ்வோர் இடத்திலும் வயது வேறாக இருக்கும்.

இது நம் குறை மட்டும் இல்லை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர் பராமரிக்க வேண்டிய பதிவேடுகள் ஒரு கட்டத்தில் 11 என வகுக்கப்பட்டன. 2021 மார்ச்சில், அங்கன்வாடிப் பதிவுகளைச் செல்பேசியில் ஏற்றுவதற்கான மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலி வந்தது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தில் பணியாளர்கள் அரசு கொடுத்த செல்பேசிகளைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். போன் திணறுகிறது, செயலி மராத்தியில் இல்லை என்பவை அவர்கள் சொன்ன குறைகள். எழுதுகிற கையைக் கேட்காமல் செய்த அமைப்பு எவ்வளவு பெரிய திட்டத்திலும் தடுக்கி விழும் என்பதற்கு அந்த உதாரணம் போதும்.

படி 2: ஒவ்வொரு கட்டத்தையும் விசாரியுங்கள்

படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்விகள் போடுங்கள். இதை யார் பார்ப்பார்? எப்போது பார்ப்பார்? பார்த்து என்ன செய்வார்? மூன்றுக்கும் பதில் இல்லாத கட்டத்தை அடித்துவிடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்பது பதில் இல்லை.

தந்தையின் தொழில் என்ற கட்டத்தை ஆண்டுதோறும் நிரப்பி, ஒருமுறைகூட எதற்கும் பயன்படுத்தாத நிறுவனத்தில் நானும் இருந்திருக்கிறேன். குடும்பம் எந்த மாதத்தில் ஊரைவிட்டுப் போகும் என்ற கட்டம் அங்கே இல்லை. மழை ஓய்ந்ததும் செங்கல் சூளைக்குப் போய், ஆனி ஆடியில் திரும்பும் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. அந்த ஒரு கட்டம் இருந்திருந்தால், "இடைநின்றவர்" என்று எழுதிய பாதிப் பேரைச் சூளைக்கு அருகில் உள்ள பள்ளியில் சேர்க்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்திருக்கலாம்.

நிதியளிப்பவர் கேட்கும் எண்ணிக்கைகளுக்கெனத் தனிப் படிவம் வைக்காதீர்கள். குழந்தைவாரியான பதிவு சரியாக இருந்தால் அந்த எண்ணிக்கைகள் அதிலிருந்தே வரும். வராத எண்ணிக்கையைக் கேட்டால், ஏன் வராது என்று அவர்களிடம் பேசுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

படி 3: ஒரு குழந்தைக்கு ஒரே எண்

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுக்க வேண்டிய வேலை இதுதான்.

திட்டத்தில் சேரும் அன்றே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு எண் கொடுங்கள். அது வெறும் வரிசை எண்ணாக இருப்பது நல்லது. மையம், வகுப்பு, சேர்ந்த ஆண்டு என்று தகவலை எண்ணுக்குள் திணித்தால், குழந்தை வேறு மையத்துக்கு மாறும் நாளில் எண்ணும் பொய்யாகிவிடும். எண்ணைச் சிறு அட்டையில் எழுதித் தாயிடம் கொடுங்கள். நோட்டு, செயலி, பரிந்துரைச் சீட்டு எல்லாவற்றிலும் பெயருக்கு முன்னால் அந்த எண் வரட்டும். ஒரு குழந்தை விலகிவிட்டாலும் அந்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் துறை தரும் எமிஸ் எண் உண்டு. கர்ப்பிணிகளுக்குச் சுகாதாரத் துறையின் பிக்மி பதிவு உண்டு. அவற்றைத் தனிக் கட்டங்களில் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் முதன்மை எண்ணாக வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கு எமிஸ் கிடையாது. ஒடிசாவிலிருந்து சூளைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் இருக்காது. திட்டத்துக்கு மிகவும் தேவைப்படும் குழந்தைகளே எண் இல்லாதவர்களாக நிற்பார்கள். ஆதார் எண்ணை எழுதி வைக்கவே வேண்டாம். அது தொலைந்தால் ஏற்படும் தொல்லைக்கு ஈடாக உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.

அடுத்து, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல் உண்டு. அது சில நோட்டில் முன்னால் நிற்கும், சில நோட்டில் பின்னால் போகும். ஆகவே இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் ஒரு கட்டம், வீட்டில் அழைக்கும் பெயர் இன்னொரு கட்டம். சான்றிதழில் யாழினி என்று இருக்கும் பெண்ணைத் தெருவே அம்மு என்றுதான் அறியும். புதுக் களப்பணியாளர் யாழினியைத் தேடிப் போனால் யாரும் வீட்டைக் காட்ட மாட்டார்கள்.

தாயின் பெயரைக் கட்டாயமாக்குங்கள். ஒரே தெருவில் இரண்டு முருகன்கள் அப்பாவாக இருக்கலாம். தாயின் பெயரும் சேர்ந்து ஒத்துப்போவது அரிது. பெயர் வைக்காத சிசுவையும் இப்படித்தான் பதிய முடியும். சான்றிதழில் பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதால், முதல் சில மாதங்களுக்குப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது இயல்பே. "பெண் குழந்தை" என்று அதில் எழுதி நிரப்பாதீர்கள். பிறகு அதே பெயரில் 12 குழந்தைகள் கிடைப்பார்கள்.

வயதை எழுதாதீர்கள், பிறந்த தேதியை எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரத்தின்படி, 8.2 கிலோ எடையுள்ள ஆண் குழந்தைக்கு 12 மாதம் என்றால் கவலை இல்லை. எடைக்குறைவின் எல்லை 7.7 கிலோ. அதே குழந்தைக்கு 18 மாதம் என்றால் எல்லை 8.8 கிலோ, அவன் எடைக்குறைவானவன். "ஒன்றேகால் வயசு இருக்கும்" என்ற பாட்டியின் கணக்கை நம்பினால் எந்தப் பக்கமும் விழலாம். சான்றிதழ், தடுப்பூசி அட்டை, இரண்டும் இல்லாவிட்டால் பொங்கலுக்கு முன்பா பின்பா, அக்கா மகள் பிறந்ததற்கு எத்தனை மாதம் கழித்து என்று கேட்டு நெருங்கலாம். எந்த வழியில் கிடைத்த தேதி என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

இரட்டைப் பதிவுகளைக் களைய, பிறந்த தேதி, தாயின் பெயர், ஊர் மூன்றையும் வைத்துப் பட்டியலை வரிசைப்படுத்துங்கள். ஒத்த வரிகளைக் கணினி காட்டட்டும். ஒன்றாக்குவதை ஊரை அறிந்தவர் செய்யட்டும். இரட்டைப் பிள்ளைகளை ஒரே பிள்ளையாக்கிய கணினியை நான் பார்த்திருக்கிறேன்.

படி 4: தமிழ் எழுத்தின் பொறிகள்

ஆங்கிலக் கையேடுகளில் இது இருக்காது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால் முதலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு மாற்றுங்கள். அந்தக் கோப்புகளில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு போட்ட வேடத்தால் தமிழாகத் தெரிகின்றன. வேறு கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். மாற்றிய பின் பத்து வரிக்கு ஒரு வரியையாவது கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

யூனிகோடிலும் சிக்கல் உண்டு. "கொ" என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம். "கெ" தட்டிப் பின்னால் துணைக்கால் சேர்த்தும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, பல மென்பொருள்களுக்கு இரண்டு. இதை இயல்பாக்கம் என்ற ஒரு செயல்முறை சரிசெய்துவிடும். உங்கள் கணினி ஆளிடம் என்எஃப்சி என்று சொன்னால் புரியும். ஆனால் கௌசல்யாவை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. ஔகாரக் குறிக்குப் பதிலாக "ள" எழுத்தைத் தட்டி "கெளசல்யா" என்று எழுதுபவர்கள் ஏராளம். அதைத் தேடி மாற்றத்தான் வேண்டும்.

எக்ஸலில் மூன்று எச்சரிக்கைகள். தமிழ் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பை) நேராக இருமுறை சொடுக்கித் திறந்தால் பல நேரம் குப்பை எழுத்தாகத் தெரியும். பதறாமல் மூடிவிட்டு, தரவை இறக்கும் வசதி வழியாக யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறங்கள். குப்பையோடு சேமித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு. இரண்டாவது, 05/06 ஜூன் ஐந்தா மே ஆறா என்பதைக் கணினியின் அமைப்பு தீர்மானிக்கும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் வாங்குவது கூச்சமின்றிச் செய்யக்கூடிய தீர்வு. மூன்றாவது, எண்களின் முன்னால் உள்ள சுழியத்தை எக்ஸல் விழுங்கும், 12 இலக்க எண்ணை அடுக்குக்குறி வடிவத்தில் சுருக்கிக் காட்டும். அடையாள எண்களும் தொலைபேசி எண்களும் உள்ள பத்திகளை முதலிலேயே உரை என்று அமைத்துவிடுங்கள்.

படி 5: அளவு தவறினால் எதுவும் நிற்காது

எடை இயந்திரத்தை வாரம் ஒருமுறை தெரிந்த எடை ஒன்றை வைத்துச் சோதியுங்கள். பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பை போதும், அதே பையைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து நீளம் அளக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களை நிற்க வைத்து உயரம். மாற்றி அளந்தால் சுமார் 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு வரும், ஆகவே எப்படி அளந்தோம் என்பதற்கு ஒரு கட்டம் தேவை. படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். தனியாளாக அளந்ததாக வரும் நீளத்தை நான் நம்புவதில்லை.

மேற்கைச் சுற்றளவு நாடாவை 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. அந்த அளவு பதிவான அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிந்துரை போக வேண்டும். மாத அறிக்கை வரை காத்திருக்கும் எண் இல்லை அது.

அளந்தார்களா, உட்கார்ந்த இடத்தில் எழுதினார்களா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எடைகளின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணுங்கள். நூறு கிராம் துல்லியம் உள்ள இயந்திரத்தில் சுழியமும் ஐந்தும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு அளவில் வர வேண்டும். பாதிக்கு மேல் 9.0, 9.5, 10.0 என்று வந்தால் அங்கே யாரோ கண்ணால் எடை போட்டிருக்கிறார்கள். அப்போது திட்டாதீர்கள். போய்ப் பாருங்கள். பல முறை இயந்திரத்தின் பேட்டரி தீர்ந்திருக்கும். வாங்கப் பணம் கேட்டு அவர் அலுத்திருப்பார்.

படி 6: காலிக் கட்டத்துக்கு ஒரு பொருள்

காலி என்றால் என்ன? அளக்கவில்லையா, குழந்தை ஊரில் இல்லையா, தாய் மறுத்தாரா, எழுத மறந்துவிட்டாரா? நான்குக்கும் நான்கு குறிகள் கொடுங்கள். சுழியத்தைக் காலிக்குப் பதிலாக எழுத விடாதீர்கள். சராசரியில் புகுந்து எல்லாவற்றையும் கெடுக்கும். "ஊரில் இல்லை, திரும்புவார்" என்பதும் "திட்டத்தைவிட்டு விலகினார்" என்பதும் தனித்தனிக் குறிகளாக இருக்கட்டும்.

படி 7: கருவி

இதற்குத்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள். முந்நூறு குழந்தைகள் வரை ஒழுங்கான எக்ஸல் கோப்பு போதும்: குழந்தைகளுக்கு ஒரு தாள், அளவுகளுக்கு ஒரு தாள், இரண்டையும் இணைப்பது குழந்தையின் எண். மாதத்துக்கு ஒரு புதுத் தாள் திறப்பதுதான் பெரிய பிழை. ஒரு வரி, ஒரு குழந்தை, ஒரு நாள் என்று கீழ்நோக்கி வளர விடுங்கள்.

அதற்கு மேல் போனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கோபோ டூல்பாக்ஸ் ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்புக்கு அருமையானது. இணையம் இல்லாத இடத்திலும் நிரப்பலாம், தமிழில் படிவம் அமைக்கலாம். ஆனால் ஒரே குழந்தையை மாதாமாதம் பின்தொடர, போன மாத எடையை இந்த மாதம் திரையில் காட்டும் கருவி வேண்டும். காம்கேர், டிஹெச்ஐஎஸ்2 டிராக்கர் போன்றவை அதற்கென்றே செய்யப்பட்டவை. எதைத் தேர்ந்தாலும் எல்லாத் தரவையும் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று வாங்கும் முன் செய்து பாருங்கள்.

படி 8: வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்

மாதக் கடைசியில் பிழை தேடினால் யாருக்கும் நினைவிருக்காது. வாரம் ஒருமுறை சில விதிகளை மட்டும் ஓட்டுங்கள். போன மாதத்தைவிட உயரம் குறைந்திருக்கிறதா? பிறந்த தேதிக்கு முன் தேதியிட்ட வருகை இருக்கிறதா? ஒரே மையத்தில் எல்லோரும் எல்லா நாளும் வந்ததாக இருக்கிறதா? வயதுக்கேற்ற எடை தர அளவிலிருந்து மிக விலகி, நம்ப முடியாத எண்ணாக இருக்கிறதா? சந்தேகமான எண்ணை அலுவலகத்தில் இருப்பவர் திருத்தக் கூடாது. எழுதியவரிடமே கேட்டு, பழையதை ஒரு கோடிட்டு, புதியதை எழுதி, தேதியும் பெயரும் போட வேண்டும். வெள்ளை மை பூசிய பதிவேடு பதிவேடே இல்லை.

படி 9: குழந்தையின் ரகசியம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தமிழில், தாய் கேட்டால் புரிகிற சொற்களில், ஒரு பக்கத்தில் ஒப்புதல் படிவம் தயார் செய்யுங்கள். எதை எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம், வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று அதில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்ன குழந்தைக்கும் சுண்டல் உண்டு என்பதையும் எழுதிவிடுங்கள்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012இன் 23ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கின்றன. பெயரை மறைத்து ஊரையும் பள்ளியையும் வகுப்பையும் எழுதினால் மறைத்ததாகாது. 14 குழந்தைகள் உள்ள ஒரு மையத்தின் அட்டவணையில் ஒரு கட்டத்தில் "1" என்று இருந்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும், அது யார் என்று. அப்படிப்பட்ட சிறு எண்களை வட்டார அளவில் சேர்த்துத்தான் வெளியே தர வேண்டும். பாதுகாப்பு வழக்குகளுக்குத் தனிக் கோப்பு, தனிக் கடவுச்சொல், பார்க்க உரிமை உள்ளவர் இருவர். வாட்ஸ்அப் குழுவில் குழந்தையின் படம் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

"குறிப்பு" என்ற கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. களப்பணியாளர் அதில் "மாமா வீட்டுக்குப் போகப் பயப்படுகிறாள்" என்று எழுதியிருப்பார். யாரும் படித்திருக்க மாட்டார்கள். பாலியல் குற்றம் நடந்தது அல்லது நடக்கக்கூடும் என்று அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆகவே அந்தக் கட்டத்தை அன்றன்றே படிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், அல்லது கட்டத்தை எடுத்துவிட்டு, இப்படி ஏதேனும் கண்டால் யாரை உடனே அழைப்பது என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098 அதில் பெரிதாக இருக்கட்டும்.

படி 10: தரவு திரும்பிப் போகட்டும்

மாதக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பொறுப்பாளரின் கையிலும் ஒரே ஒரு தாள் கொடுங்கள். அதில் அவருடைய மையத்தின் பெயர்ப் பட்டியல்: எடை ஏறாதவர்கள், பத்து நாளாக வராதவர்கள், பரிந்துரைத்தும் மருத்துவரைப் பார்க்காதவர்கள். சதவீதம் வேண்டாம், வண்ணப் படம் வேண்டாம். பெயர், வீடு, அடுத்து செய்ய வேண்டியது, செய்த தேதிக்கு ஒரு காலி இடம்.

முதல் மாதம் பாதித் தாள் தவறாக இருக்கும். "இவன் வராமல் இல்லை அண்ணா, பாட்டி ஊருக்குப் போயிருக்கிறான், நான்தான் எழுதவில்லை" என்பார்கள். அப்போதே அங்கேயே திருத்துங்கள். தான் எழுதியது தனக்கே வேலைப் பட்டியலாகத் திரும்பி வருகிறது என்று கண்டவர் அடுத்த மாதம் வேறு மாதிரி எழுதுவதைப் பார்க்கலாம். நான் நடத்திய எந்தப் பயிற்சி வகுப்பும் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததில்லை.

படி 11: பழைய பதிவேட்டை மூடுங்கள்

ஒரு மையத்தில் மட்டும் தொடங்கி, பழையதையும் புதியதையும் இரண்டு மாதம் சேர்த்து ஓட்டி, ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனதும் மற்ற மையங்களுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பழையதை நிறுத்தும் தேதியை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காவிட்டால் "பாதுகாப்புக்கு அதுவும் இருக்கட்டும்" என்று இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஓடும், எழுதுபவருக்கு இரட்டை வேலை.

அந்த நாளில் பழைய பதிவேட்டின் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, "இத்துடன் நிறுத்தப்பட்டது" என்று எழுதி, தேதியிட்டு, பொறுப்பாளரும் நீங்களும் கையெழுத்திடுங்கள். அடுத்த நாள் முதல் எங்கே எழுதுகிறோம், காப்பு நகல் எந்தக் கிழமை யார் எடுக்கிறார், கடவுச்சொல் மூடிய உறையில் எங்கே இருக்கிறது என்பவற்றை அதே பக்கத்தில் குறியுங்கள். பதிவேட்டைப் பீரோவில் பூட்டி, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.